மங்கலான வட்டங்கள்

தேர்வு முடிந்த மறுநாள் பெரிய சார் டீச்சர்கள் எங்களைக் கூப்பிட்டு ஆளுக்கொரு பென்சிலும் ரப்பரும் கொடுத்தார். பெரிய சார் என்றால் எங்கள் தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியர். உயரம் என்னவோ என் தோள் வரைக்கும்தான்.

“விடைத்தாள்ல வட்டம் மங்கலா இருந்தா மெஷின் படிக்காது. நல்லா கறுப்பாக்கிக் கொடுங்க. கிறுக்கல் இருந்தா அழிச்சிடுங்க” என்றார்.

இது ஆண்டுதோறும் நடக்கிற வேலைதான். விதிகளிலேயே இருக்கிறது. ஆனால் இந்த ஆண்டு போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். “போன வருஷம் பதினோரு ஸ்கூல்ல நாம பதினொண்ணாவது. இந்த வருஷமும் அப்படின்னா பூட்டுப் போட்டுடுவாங்க. உங்களுக்கே தெரியும்.”

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். மனிதர் எங்களை எதையும் செய்யச் சொல்லவில்லை. அதுதான் அவருடைய சாமர்த்தியம்.

எனக்கு மூன்றாம் வகுப்பு. நாற்பத்திரண்டு தாள். முதல் நாலு தாளில் மங்கலான வட்டங்களைக் கறுப்பாக்கினேன். ஐந்தாவது தாளில் தப்பான வட்டத்தை அழித்துவிட்டுச் சரியானதைக் கறுப்பாக்கினேன். அதற்குப் பிறகு கை கூசவில்லை. மற்ற டீச்சர்களும் அதையேதான் செய்துகொண்டிருந்தார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ரப்பர் தூளை ஊதுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

நடுவில் வாலுவின் தாள் வந்தது. எங்கள் பள்ளியைப் பெருக்கித் துடைக்கிற அக்காவின் மகள் அவள். ஒரு இடத்தில் உட்காரமாட்டாள், அதனால் அந்தப் பெயர். நாற்பது கேள்விக்கு ஆறு வட்டம்தான் போட்டிருந்தாள். ஆறும் சரி.

அது அரைநாள் டீச்சர் சொல்லிக்கொடுத்த பாடம். படிக்கத் திணறுகிற பன்னிரண்டு பிள்ளைகளை மதியத்தில் மாடிப்படிக்குக் கீழே இருக்கிற அறையில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பதற்கென்றே வருகிறவர் அவர். “படிக்க முடிஞ்சதுக்கு மட்டும் போடு. குருட்டாம்போக்குல அடிக்காதே” என்று சொல்லியிருந்தார். ஆண்டுத் தொடக்கத்தில் புத்தகத்தைத் திறந்தாலே ஒன்றுக்குப் போக வேண்டும் என்று ஓடின பெண், இப்போது விரலை வைத்து ஒரு வரி முழுக்கப் படிப்பாள். மற்ற பிள்ளைகள் குருட்டாம்போக்கில் அடித்தே பத்துப் பன்னிரண்டு வாங்கியிருந்தபோது, இவள் மட்டும் உட்கார்ந்து ஆறு கேள்வியைப் படித்திருக்கிறாள்.

நான் மீதியை நிரப்பினேன். சந்தேகம் வரக்கூடாதே என்று ஒன்பதைத் தப்பாக வைத்தேன். முப்பத்தொன்று.

பள்ளி மூன்றாம் இடத்துக்கு வந்தது. பெரிய சாருக்குக் கண்ணாடி போட்ட பாராட்டுப் பத்திரம் கிடைத்தது. அக்கா மதிப்பெண் அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டினார். “எனக்குக் கையெழுத்தே நேரா வராது டீச்சர். இவ முப்பத்தொண்ணு வாங்கியிருக்கா!”

பதினைந்து நாளில் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. தேர்ச்சிக் கோட்டுக்குக் கீழே ஒரு பிள்ளையும் இல்லாததால், எங்கள் பள்ளிக்கு அரைநாள் டீச்சர் இனித் தேவையில்லையாம். கோட்டுக்குக் கீழே பிள்ளைகள் இருக்கிற பக்கத்துப் பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். இத்தனை வருட அனுபவம் இருக்கிற எங்களில் ஒருத்திக்கும் இது முன்கூட்டியே தோன்றவில்லை. அரைநாள் டீச்சர் எழுத்து அட்டைகளைப் பைக்குள் வைத்தபடி என்னிடம் கேட்டார், “வாலு ஆறு போட்டேன்னு சொன்னாளே?” நான் மணி அடிக்கப் போகிறது என்று நழுவிவிட்டேன்.

நீயே சொல்லித் தரக்கூடாதா என்று கேட்பீர்கள். செய்தேன். சாப்பாட்டு இடைவேளையில் ஒரு வாரம் வாலுவை உட்கார வைத்தேன். ஒரே சொல்லில் நாலு தடவை தடுக்கினாள். எனக்குப் பொறுமை கிடையாது. கத்திவிட்டேன். மறுநாளிலிருந்து அவள் மறுபடியும் ஒன்றுக்கு ஓட ஆரம்பித்தாள்.

அப்போதுதான் பெரிய சாரிடம் போய், இவளுக்கு என்ன வழி என்று கேட்டேன். அவர் மேஜை இழுப்பறையிலிருந்து மறுதேர்வு விண்ணப்பத்தை எடுத்து நீட்டினார். “அம்மா கையெழுத்துப் போட்டா பொண்ணு திரும்ப எழுதலாம். மார்க் குறைஞ்சா பக்கத்து ஸ்கூல்ல அரைநாள் டீச்சர் வகுப்புக்கு அனுப்புவாங்க. ஏன் குறைஞ்சதுன்னு மட்டும் கிளாஸ் டீச்சர் விளக்கம் எழுதணும்” என்றார். சிரித்தாரா இல்லையா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

அக்கா வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாலு வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். விண்ணப்பத்தைக் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். சொல்ல வேண்டியதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சொன்னேன்.

அக்காவின் முகம் மாறியது. “நல்ல மார்க் வாங்கின பொண்ணு எதுக்கு டீச்சர் திரும்ப எழுதணும்? பெருக்குறவ பொண்ணு இவ்வளவு வாங்கமாட்டான்னு யாராவது சொன்னாங்களா?”

“அய்யோ, அப்படியெல்லாம் இல்லக்கா.”

“அம்மா, நான் ஆறுதான் போட்டேன்” என்றாள் வாலு. “படிச்சுப் படிச்சுப் போட்டேன். மீதியை விட்டுட்டேன்.”

“சும்மா இருடி! அரைநாள் டீச்சர்கிட்டத் திரும்பப் போகணும்னு ஆசை, அதான் வாய்க்கு வந்ததை உளர்றா.” அக்கா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “நீங்களே சொல்லுங்க டீச்சர். இவ போட்டது ஆறா, முப்பத்தொண்ணா? நீங்க ஆறுன்னா இப்பவே கையெழுத்துப் போடுறேன்.”

இவ்வளவு சுலபமாக ஒரு வாய்ப்பு எனக்கு வாழ்க்கையில் கிடைத்ததில்லை. ஒரே ஒரு சொல். வாலு நம்பிக்கையோடு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினெட்டு வருட வேலை, எனக்காக வீட்டில் காத்திருக்கிறவர்கள், அன்று அந்த அறை முழுக்க இருந்த மற்ற டீச்சர்கள் என்று எல்லாவற்றையும் யோசித்தேன். இப்படிச் சொல்லி என்னையே நான் தேற்றிக்கொள்கிறேன். உண்மையில் பயம், அவ்வளவுதான்.

“முப்பத்தொண்ணுதான்க்கா” என்றேன். “குழந்தை மறந்திருப்பா.”

“பாத்தியா?” என்று அக்கா மகளின் தலையைத் தடவினார். “டீச்சர் என்ன பொய்யா சொல்வாங்க?”

வாலு அழவில்லை. கொஞ்ச நேரம் தன் விரல்களைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, பாடம் ஒப்பிக்கிற குரலில், “ஆமாம்மா, முப்பத்தொண்ணுதான். மறந்துட்டேன்” என்றாள்.