இத்தா வீட்டு ஏலம்

நூஹு காக்காவைக் கூட்டி வந்தது பஸாலின் யோசனை. கல்முனைக் கடற்கரையில் தோணி கரையேறியதும் மீனுக்கு ஏலம் கூறுகிற மனிதர் அவர். அலையையும் காற்றையும் தாண்டிக் கூவிப் பழகிய தொண்டை. பக்கத்தில் நிற்பவரிடம் சுகம் விசாரித்தால் அடுத்த ஒழுங்கையிலிருந்து பதில் வரும். ஏலம் போட்டால்தான் வியாபாரிகள் ஆளுக்காள் ஏறிக்கொண்டு பழைய சாமானுக்கு நல்ல விலை தருவார்கள் என்று பஸால் எங்கேயோ கேட்டு வந்திருந்தான். வீடும் மனைவியுடையது, சாமானும் மனைவியுடையது, யோசனை மட்டும் அவனுடையது.

இந்தப் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்தால்தான் கலியாணம். மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வந்து சேர வேண்டும். பஸாலின் மனைவியான மூத்தவள் றஸ்னாவுக்கு அவள் வாப்பா மீராமுகைதீன், தான் இருந்த வீட்டையே உள்ளே கிடந்த சாமான்களோடு எழுதிக் கொடுத்திருந்தார். இளையவள் ஸம்றாவுக்குப் பின்வளவில் தொடங்கிய வீடு கூரை மட்டும் ஏறி நிற்கும்போது அவர் மௌத்தாகிவிட்டார். அந்த வீட்டுக்குக் கதவுமில்லை, யன்னலுமில்லை. மாப்பிள்ளை வீட்டார் மரியாதையாகத்தான் கேட்டார்கள். ஆனால் விடாமல் கேட்டார்கள்.

அதனால்தான் சாமானை விற்கும் கதை எழுந்தது. கண்ணாடி அலுமாரி, பித்தளைப் பூ வைத்த பெட்டகம், சுவர் மணிக்கூடு, நீலப் பூப்போட்ட பீங்கான்கள். எல்லாம் ஒல்லாந்தர் காலத்தவை என்று வாப்பா சொல்லிக்கொள்வார். அதில் பாதியாவது உண்மையாக இருக்கும். றஸ்னாவின் உம்மா சல்மா உம்மா ஒன்றுக்கும் மறுப்புச் சொல்லவில்லை. ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினார்.

“வாப்பாட கதிரைய மட்டும் என்ட அறைக்குள்ள கொண்டு வந்து போடுங்க, மகள்.”

“ஓம் உம்மா,” என்றாள் றஸ்னா.

அது கருங்காலியில் செய்த சாய்மனைக் கதிரை. பிரம்புப் பின்னல், கால் நீட்டிப் படுக்க நீண்ட கைகள். தொய்வு வந்த பிறகு வாப்பாவுக்கு மல்லாந்து படுக்க முடியாது, மூச்சு முட்டும். கடைசி இரண்டு வருடமும் அந்தக் கதிரையில் சாய்ந்தபடிதான் தூங்கினார். உம்மா கீழே பாய் போட்டு, கதிரைக் காலில் ஒரு கையை வைத்தபடி படுப்பார். அவர் அசைந்தால் மரம் அசையும், உம்மா எழும்பிவிடுவார். மௌத்தான அன்றும் அப்படித்தான் எழும்பினார்.

கொழும்பிலிருந்து பழஞ்சாமான் வாங்க வரும் ஷிப்லி, பஸால் அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு ஒரே சொல்லில் சொல்லிவிட்டான்: கதிரை இருந்தால் வருவேன், இல்லாவிட்டால் மற்றதற்காக இவ்வளவு தூரம் வர மாட்டேன். பஸால் மனைவியைப் பார்த்தான். றஸ்னா கதவில்லாத வீட்டைப் பார்த்தாள். பிறகு, “சரி, வரச் சொல்லுங்க,” என்றாள்.

நாளைக் குறித்ததும் அவள்தான். வாப்பா இறந்ததிலிருந்து உம்மா இத்தாவில், நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கிற துக்கத்தில், இருந்தார். இத்தா முடியும் வரை உம்மா அந்நிய ஆண்கள் முன்னால் வர மாட்டார். அவர்கள் வந்திருக்கும்போது அறையைவிட்டு அசைய மாட்டார். முடிந்த பிறகென்றால் கூடத்துக்கு வந்து அந்தக் கதிரையில் உட்கார்ந்துவிடுவார், பிறகு யார் தூக்குவது? இதை அவள் பஸாலிடம்கூடச் சொல்லவில்லை. ஸம்றாவின் கலியாணம் பிந்துகிறது என்று மட்டும் சொன்னாள். அதுவும் உண்மைதான், அதைச் சொல்லிச் சொல்லித்தான் மற்ற உண்மையை அமுக்கி வைத்திருந்தாள்.

ஏலத்தன்று காலை உம்மாவுக்குத் தேத்தண்ணி கொண்டு போனவள், அறையிலிருந்த பெரிய மின்விசிறியை முழு வேகத்தில் திருப்பிவிட்டாள். அது பழைய மின்விசிறி, ஓடினால் நெல் மில்லுக்குள் நிற்பது போலிருக்கும்.

“எனக்கு வேர்க்கல்லயே, புள்ள,” என்றார் உம்மா.

“இல்ல உம்மா, இன்டைக்கு வெக்கையா இரிக்கும்,” என்று சொல்லிவிட்டுத் திரையை இழுத்துவிட்டு வந்தாள். அவளுக்கே முகம் வேர்த்திருந்தது.

கூடத்தில் ஷிப்லியும் இன்னும் இரண்டு மூன்று வியாபாரிகளும் இருந்தார்கள். திருக்கோவிலிலிருந்து அருளம்பலம் வந்திருந்தார். வெள்ளைக்காரர்கள் வந்து தங்குகிற விடுதியொன்று கட்டிக்கொண்டிருப்பவர். நூஹு காக்கா அலுமாரியை நெய்மீன் கூறுவது போலக் கூறினார். “பாருங்க, தட்டிப் பாருங்க, உளுத்த சாமானில்ல,” என்றார். மணிக்கூட்டைத் தூக்கிக் காட்டியபோது செவுளைத் திறந்து காட்டப் போகிறாரோ என்றுதான் தோன்றியது. வியாபாரிகள் சிரித்தார்கள், விலையும் ஏறியது. குசினிக் கதவுக்குப் பின்னால் நின்ற றஸ்னாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவள் காது மின்விசிறியில் இருந்தது.

“அடுத்தது கருங்காலிச் சாய்மனைக் கதிர. இப்பிடி ஒண்டு இந்தக் கரையில இல்ல. முப்பதுல தொடங்குவம்.”

அருளம்பலம் நாற்பது என்றார். ஷிப்லி ஐம்பது என்றான். அருளம்பலம் அறுபது என்றார். கதிரை ஒன்றரை லட்சத்தைத் தாண்டும் என்று ஷிப்லியின் முகமே சொன்னது. றஸ்னா மனதுக்குள் கதவு வாங்கி, யன்னல் வாங்கி முடித்திருந்தாள்.

அப்போது மின்விசிறி நின்றது.

“அறுபது, அறுபதாயிரம்,” என்று கூவிக்கொண்டிருந்தார் நூஹு காக்கா.

“எழுபது,” என்றது ஒரு குரல்.

திரைக்குப் பின்னாலிருந்து வந்தது. சத்தமாகவும் இல்லை, நடுங்கவும் இல்லை. கடையில் அரிசி கேட்பது போல இருந்தது. நூஹு காக்கா திறந்த வாயை மூடவில்லை. இத்தாவிலிருக்கும் பெண்ணின் குரலைக் கேட்டுவிட்ட வெட்கத்தில் வியாபாரிகள் நிலத்தைப் பார்த்தார்கள். பஸால் குசினிப் பக்கம் திரும்பி மனைவியைத் தேடினான்.

“நூஹுத் தம்பி, எழுபது எண்டு சொன்னன்,” என்றது குரல் மறுபடியும். “கூறுங்க.”

நூஹு காக்கா கூறினார். கடற்கரையை அதிரவைக்கும் அந்தத் தொண்டை, பள்ளிவாசலுக்குள் கதைப்பது போலத் தணிந்துவிட்டது. “எழுபது. ஒருதரம்.” ஷிப்லியைப் பார்த்தார். எவ்வளவு தூரம் ஓடி வந்தவன். ஆனாலும் அவன் வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டுக் கைபேசியைப் பையில் போட்டான். “ரெண்டுதரம்.”

“நான் விட்டுட்டன், காக்கா,” என்றார் அருளம்பலம். “அந்த அம்மாவுக்கே குடுங்க.”

மூன்றாம் தரம் கூறியது யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை.

ஆட்கள் போன பிறகு றஸ்னா திரையை விலக்கினாள். உம்மா வெள்ளைச் சேலையில் கட்டிலில் இருந்தார். மடியில் ஒரு துணி முடிச்சு. றஸ்னாவுக்கு அழுகை வந்தது, ஆனால் அழவும் உரிமையில்லாதது போலிருந்தது.

“உம்மா, காசு வேணாம். கதிர ஒங்கடதான். இப்பவே உள்ளுக்குக் கொண்டாந்து போடச் சொல்றன்.”

“காசு குடுக்காம எடுத்தா அது ஒங்கட கதிரதான், மகள். நாளைக்கும் விப்பீங்க.” உம்மா முடிச்சை நீட்டினார். “ஏலத்துல எடுத்தா என்டது. புடி.”

கோபமாகச் சொல்லியிருந்தால் றஸ்னா எதிர்த்துப் பேசியிருப்பாள், குற்றம் கொஞ்சம் பங்கு பிரிந்திருக்கும். உம்மா சாதாரணமாகத்தான் சொன்னார். முடிச்சை வாங்கியபோது கற்பூரமும் அத்தரும் மணத்தது. உம்மா அந்த மணத்தோடு ஒரேயொரு காசு முடிச்சைத்தான் தன் அறை அலுமாரியின் அடித்தட்டில் வைத்திருந்தார். வீட்டில் எல்லாருக்கும் அது தெரியும். யாரும் தொட மாட்டார்கள்.

“உம்மா, இது ஒங்கட கபன் துணிக்கும் அடக்கத்துக்கும் வச்ச காசு.”

“ஓம்.”

“இத எப்பிடி உம்மா நான்...”

“வேற காசு என்னட்ட ஏது? கொண்டுபோய் ஸம்றாட வீட்டுக்குக் கதவப் போடு. தங்கச்சி குமர்ப்புள்ள, கதவில்லாம எப்பிடி இரிக்கிற?” உம்மா மகளின் முகத்தை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். “அந்தக் கதிர இல்லாட்டி அவன் வரமாட்டானெண்டு ஒரு சொல்லு என்னட்டச் சொல்லியிருந்தா, நானே குடுங்க எண்டிருப்பன், மகள்.”

பஸால் கதிரையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றான். றஸ்னா முடிச்சைக் கையில் பிடித்தபடி அவனுக்கு வழிவிட்டாள். திருப்பிக் கொடுத்தால் உம்மா வாங்க மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். வைத்துக்கொண்டால் உம்மா மௌத்தாகும் நாள்வரை அது தன் கையிலேயே இருக்கும் என்றும் தெரியும்.