வாசனை இல்லாத ஷாம்பு

குமணன்சாவடியில் கார் சாமான்கள் விற்கும் யூசுப்பின் கடையில் ஜோசப்ராஜ் ஒவ்வொரு புட்டியாக மூடியைத் திறந்து மூக்கருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எலுமிச்சை, ஆரஞ்சு, மல்லிகை, சந்தனம். புதுக் கார் வாசனை என்று ஒன்று, கடல் காற்று என்று ஒன்று. அந்தக் கடல் காற்றுக்கும் கடலுக்கும் ஸ்நானப்பிராப்திகூடக் கிடையாது. மோந்த மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்த புட்டிக்குப் போனார்.

யூசுப் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தான். வாங்குகிற ஆள் விலையைப் பார்ப்பான், பெயரைப் பார்ப்பான். இந்த மனிதர் நாய் மாதிரி மோந்து மோந்து வைத்தால் அவன்தான் என்ன செய்வான்?

"இன்னா சார் தேடுறீங்க? சொன்னாத்தானே எடுத்துக் குடுக்க முடியும்."

"வாசனையே இல்லாத ஷாம்பு வேணும்பா. சீட்டு கழுவ, கால் மேட்டு கழுவ, எல்லாத்துக்கும்."

"வண்டில நாத்தம் போவணுமா, இல்ல வாசன வேணாமா?"

"ரெண்டும் வேணாம்."

யூசுப் சிரித்தான். "வாசன இல்லாம கழுவுனா கழுவுனாப்லயே இருக்காது சார். கதவத் தொறந்ததும் மனுசன் மொதல்ல மூக்காலதான் பாப்பான். அதுக்கோசரம் கம்பெனிக்காரன் எல்லாத்துலயும் செண்ட்ட ஊத்தி வச்சிக்கிறான். இந்த மல்லிய அடிங்க, உள்ள செத்த எலி கெடந்தாலும் தெரியாது."

எலி கிடந்தால் ஜோசப்ராஜ் இங்கே வந்திருக்கவே மாட்டார். எலியைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு செய்யும் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கிறவர். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அவருக்கு ஒரே வேதம்: காரணம் இல்லாத பழுது கிடையாது. காரணத்தைக் கண்டுபிடி, பழுது தானாகப் போகும். வீட்டில் மிக்சி நின்றாலும் இதே பாட்டுத்தான். மகள் ஜெனிஷா கல்யாணமாகிக் கோயம்புத்தூருக்குப் போகும் வரையில் இந்த வேதத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போயிருந்தாள். மனைவி ஞானகுமாரி மட்டும் அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு மிக்சியைக் கடைக்காரனிடம் அனுப்பிவிடுவாள்.

அந்த ஞானகுமாரிக்குத்தான் மார்பில் கட்டி வந்தது. அறுத்து எடுத்தார்கள். எல்லாம் முடிந்தது என்று ஸ்தோத்திரக் கூட்டம்கூட வைத்து, தெருவுக்கே பிரியாணி போட்ட பிறகு, அது ஈரலில் போய்த் தலைகாட்டியது. டாக்டர் ஜோசப்ராஜை மட்டும் அறைக்குள் கூப்பிட்டு, ஊசியை இடைவிடாமல் போட்டு வந்தால் பிடித்து வைக்கலாம் என்றார். எத்தனை காலத்துக்கு என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. பிடித்து வைக்கலாம் என்ற அந்த ஒரு சொல்லை இவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். அதற்குப் பிறகு அவர் வாழ்க்கையில் ஒரே வேலைதான்: மூன்று வாரத்துக்கு ஒரு முறை முத்தாபுதுப்பேட்டையிலிருந்து குமாரியைக் காரில் ஏற்றிச் சிட்டிக்குள் இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொண்டுவருவது.

ஒரு முறை திரும்பி வரும்போது மதுரவாயல் தாண்டி வண்டி நகரவே இல்லை. குமாரி பையை எடுப்பதற்குள் வாந்தி வந்துவிட்டது. சீட்டு, தரை, கதவின் இடுக்கு, எங்கும். ஜோசப்ராஜ் அருவருப்புப் படுகிற ஆள் இல்லை. வீட்டுக்கு வந்ததும் அவளைப் படுக்கவைத்துவிட்டு, ஒரு பாட்டில் பினாயிலைப் பக்கெட்டில் கவிழ்த்துக் காரை உள்ளே வெளியே தேய்த்துத் தள்ளினார். கிருமி கிட்ட வராது என்று நினைத்தார். தேய்த்துவிட்டுத் தன்னை மெச்சிக்கொண்டும் இருந்தார்.

அடுத்த முறை கார்க் கதவைத் திறந்ததுமே குமாரி அங்கேயே குனிந்து வாந்தியெடுத்தாள். ஏறி உட்காரக்கூட இல்லை. முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு எப்படியோ போய் வந்தாள். அதற்கும் அடுத்த முறை வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"என்னால அந்தக் கார்ல ஏற முடியாதுங்க. ஆஸ்பத்திரி வாட அடிக்கிது."

ஆஸ்பத்திரி வராந்தாவில் துடைப்பதும் பினாயில்தானே. தான் செய்த காரியம் அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அந்த வாடையை ஆஸ்பத்திரியிலிருந்து சுமந்து வந்து தன் கையால் காரில் ஊற்றியிருக்கிறார். அன்றைக்கு ஊசி போடவில்லை. கால் டாக்சி கூப்பிடலாம் என்றார். அவன் கண்ணாடியில் செண்ட் அட்டை தொங்கும், அதற்கு இதுவே மேல் என்றாள். ரயிலில் போகலாமென்றால், கூட்டத்தில் போகக் கூடாது, ஒரு சளி பிடித்தாலும் இவள் உடம்பு தாங்காது என்று டாக்டர் எச்சரித்திருந்தார். ஆக, இந்தக் கார் ஒன்றுதான் வழி. ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் போன் செய்து, வருகிற வியாழக்கிழமைக்காவது கட்டாயம் வந்துவிடுங்கள், ஏற்கெனவே தள்ளிப்போய்விட்டது என்றாள்.

"வந்துடுவோம்மா," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு நேரே பருத்திப்பட்டு வழியாகக் குமணன்சாவடிக்கு வந்தவர்தான் இப்போது மோந்துகொண்டு நிற்கிறார்.

யூசுப்பிடம் விஷயத்தைப் பாதி சொன்னார். வாந்தி என்றார், வீட்டுக்காரம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றார். யூசுப்புக்கு அது போதுமாயிருந்தது. மல்லிகையை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, பின்னறையிலிருந்து தூசி படிந்த ஒரு கேனைக் கொண்டுவந்தான்.

"இது குழந்தைங்க மூத்திரம் போனா, நாய் அசிங்கம் பண்ணா போடுறது சார். நாத்தத்த மூடாது, நாத்தம் வர்ற சரக்கையே துன்னுடும். ஊத்திட்டு ஊற விடணும், ஒடனே தொடைக்கக் கூடாது. யாரும் வாங்க மாட்டேன்றான், வாசன இல்லன்னு. அப்பறம் தண்ணியையும் உறியற வாக்குவம் ஒண்ணு வேணும். ஊட்ல இருக்குற பெருக்குற மிஷின வச்சிக்கினு தண்ணி உறியப் பாத்தீங்கன்னா மோட்டாரு பூடும். ஏசிக்குள்ள ஒரு ஃபில்டர் கீது, அதக் கழட்டிக் கடாசிட்டு புச்சு போடுங்க. அதுல ஒக்காந்துக்கினுதான் வாட கூடவே வருது."

ஜோசப்ராஜ் எல்லாவற்றையும் வாங்கினார். மிருதுவான பிரஷ், முரட்டு பிரஷ், இடுக்கில் விட மெல்லிய பிரஷ், நூல் உதிராத துணி ஒரு கட்டு. வாக்குவத்தில் இரண்டு வகை இருந்தன. சின்னது போதும் சார் என்று யூசுப்பே சொன்னான். பெரியதை எடுத்தார். நல்லதாக எடுத்தால் நல்லது நடக்கும் என்று ஒரு கணக்கு. நம்பிக்கைக்கு ஏது புத்தி?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஜெபத்துக்குக்கூடப் போகவில்லை. வேப்பமரத்தடியில் காரை நிறுத்தி, எல்லாச் சீட்டையும் போல்ட்டைக் கழற்றி வெளியே எடுத்துப் போட்டார். எதிர் வீட்டு அஞ்சலை குடத்தை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தாள்.

"இன்னா சார், வண்டிய எடைக்குப் போடப் போறியா?"

"இல்லம்மா. சுத்தம் பண்றேன்."

"அதுக்கு இப்டி குடலப் புடுங்கிப் போட்டுக்கிறியே."

சீட்டைக் கழற்றியது வீண்போகவில்லை. பெல்ட் மாட்டும் பள்ளத்துக்குள், சீட்டு நகரும் தண்டவாளத்துக்குள், தரை விரிப்புக்கு அடியில் இருந்த பஞ்சுக்குள் என்று வாந்தியும் பினாயிலும் கலந்து காய்ந்துபோன கறை அங்கங்கே இருந்தது. பார்த்ததும் அவருக்கு வந்தது அழுகை இல்லை, ஆனந்தம். காரணம் கிடைத்துவிட்டது. வழக்கமாகக் கம்பெனியில் எவனையாவது கூப்பிட்டுக் காட்டுவார். இங்கே யாரும் இல்லாததால் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலில் குமாரி நின்றிருந்தாள். தலையில் ஸ்கார்ஃப், கையில் டம்ளர். அவர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். அவளும் லேசாகத் தலையாட்டினாள்.

கேனிலிருந்த திரவத்தை ஊற்றி ஊறவிட்டார். மெல்லிய பிரஷ்ஷை விட்டுக் குடைந்தார். வாக்குவத்தை வைத்து இழுத்தார், பழுப்புத் தண்ணீர் வந்தது. மறுபடி ஊற்றினார், மறுபடி இழுத்தார். தண்ணீர் தெளிவாக வரும் வரைக்கும் விடுகிறதாயில்லை. சாயங்காலம் முட்டி வீங்கிவிட்டது. லீவு போட்டுவிட்டுத் திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அதே வேலை. சீட்டுகளை மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டுபோய்ச் சித்திரை வெயிலில் கவிழ்த்தும் நிமிர்த்தியும் காயவைத்தார். ஏசி ஃபில்டரை மாற்றினார். பொதிந்த நாற்றத்தை இழுக்கும் என்று யாரோ சொன்னார்கள் என்று அடுப்புக்கரியைக் கிண்ணத்தில் போட்டு உள்ளே வைத்தார். ஆண்டவரே, அற்புதம் எதுவும் கேட்கவில்லை, இந்தப் பஞ்சு மட்டும் காய்ந்தால் போதும் என்று மாடியில் நின்றுகொண்டு ஜெபித்தார். பெரியதைக் கேட்க அவருக்குப் பயமாயிருந்தது. அதனால் சின்னதாகக் கேட்டார்.

புதன்கிழமை மத்தியானம் சீட்டுகளை மாட்டி முடித்தார். தன் மூக்கின்மேல் அவருக்கே நம்பிக்கையில்லை. அஞ்சலையைக் கூப்பிட்டுக் காருக்குள் தலையை விடச் சொன்னார்.

"ஒண்ணுமே அடிக்கலியே சார். வெறும் காத்துதான் கீது."

அந்த வார்த்தைக்காக அவளுக்கு ஒரு புடவை எடுத்துக் கொடுத்திருப்பார். அத்தனை சந்தோஷம். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, சோப்பு வாசனையும் இருக்கக் கூடாதென்று மறுபடி வெறும் தண்ணீரில் குளித்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் குமாரியைக் கைப்பிடித்துக் கூட்டி வந்தார். கதவைத் திறந்துவிட்டார். அவள் கைப்பிடியைப் பிடித்து மெதுவாக ஏறி உட்கார்ந்தாள். கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். பரீட்சைத் தாளைக் கொடுத்துவிட்டு வாத்தியார் எதிரில் நிற்கிற பையன் மாதிரி ஜோசப்ராஜ் வெளியே நின்றார்.

"ஒண்ணும் அடிக்கலங்க," என்றாள்.

"மெய்யாலுமா?"

"மெய்யாலும்தான். ரொம்ப நல்லா கழுவிக்கிறீங்க."

"அப்ப நாளிக்கு இருட்டோட கெளம்பிடலாம். டிராபிக் இருக்காது. பின்னால தலவாணி ரெண்டு போட்டுடறேன், நீ படுத்துக்கினே..."

"நான் வரலங்க."

அவருக்கு முதலில் புரியவில்லை. "இப்பத்தானே வாட இல்லன்னே?"

"வாட இல்லதான். எனக்கு ஊசி வேணாம்." அவள் டாஷ்போர்டைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "ஊசி போட்டுக்கினு வந்தா வாரக் கணக்குல கட்டையா கெடக்குறேன். எழுந்து ஒரு வாய் சோறு துன்ற நேரத்துல அடுத்த ஊசி வந்துடுது. அன்னிக்கி டாக்டரு உங்கள மட்டும் உள்ள கூப்ட்டாரு இல்ல, வெளிய வந்தப்ப உங்க மூஞ்சியப் பாத்தேன். அதுக்கு மேல யாரும் எனக்கு ஒண்ணும் சொல்லத் தேவல. இருக்குற நாள ஊட்லயே இருந்துட்டுப் போறேன்."

"புடிச்சி வைக்கலாம்னாரு குமாரி. புடிச்சி வைக்கலாம்னுதான் சொன்னாரு."

அவள் ஸ்கார்ஃபை நெற்றிக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அப்ப ஏன் கார் நாறுதுன்னு சொன்னே?" அவர் குரல் உயர்ந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் அப்படிக் கத்தியதில்லை. "மூணு நாளா வெயில்ல முட்டி போட்டுக்கினு தேய்க்கிறேனே, ஜன்னல்லேர்ந்து பாத்துக்கினுதானே இருந்தே?"

"வரலன்னு சொன்னா உங்களால தாங்க முடியாது. கார் நாறுதுன்னா, சரி கார்தானேன்னு விட்டுடுவீங்கன்னு நெனச்சேன். இப்டி பிரிச்சிப் போட்டுக்கினு ஒக்காருவீங்கன்னு எனக்கு இன்னா தெரியும்?" அவள் கண் நிரம்பியது. "தெனைக்கும் சொல்லிடலாம்னுதான் வாசல் வரிக்கும் வந்தேன். நீங்க பிரஷ்ஷும் கையுமா அவ்ளோ சந்தோசமா இருந்தீங்க. வாய் வரல."

ஜோசப்ராஜ் காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். கழற்ற எதுவும் பாக்கியில்லை. துடைக்க எதுவும் பாக்கியில்லை. நாற்றம் இருந்தவரைக்கும் அவருக்கு ஒரு வேலை இருந்தது, அந்த வேலை முடிந்தால் அவள் பிழைத்துக்கொள்வாள் என்று ஒரு நம்பிக்கையும் இருந்தது. அதை அவரே தன் கையால் சொட்டு விடாமல் உறிஞ்சி எடுத்துவிட்டிருந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து, அவள் உட்கார்ந்திருந்த சீட்டின் ஓரத்தில் முகத்தை வைத்து மோந்து பார்த்தார்.

"இல்ல குமாரி. இன்னும் அடிக்குது."

"எங்க அடிக்குது?"

"இங்கதான். அடில. உனக்குத் தெரியல. சரியா போவல. இன்னொரு தபா கழுவணும். கழுவிட்டா சரியாப் பூடும். கழுவிட்டு அப்பறம் பேசிக்கலாம்."

அவள் அவர் தலையைப் பார்த்தாள். வெள்ளைச் சட்டைக் காலருக்கு மேலே கழுத்து வெயிலில் கறுத்துத் தோலுரிந்திருந்தது.

"சரிங்க," என்றாள். "கழுவுங்க."

அவர் வாளியில் தண்ணீர் பிடித்து வந்தார், பிரஷ்ஷை எடுத்தார், வீங்கிய முட்டியைத் தரையில் ஊன்றினார். தோள் குலுங்கக் குலுங்க, சுத்தமாயிருந்த இடத்தைத் தேய்க்க ஆரம்பித்தார். குமாரி இரண்டு காலையும் சீட்டின்மேல் தூக்கிவைத்து அவருக்கு இடம் விட்டாள்.