இன்ஜின் ஆறட்டும்

வீப்கேவுக்கு வெள்ளிக்கிழமையிலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை. பிரெமன் நகரத்தில் வருஷக்கணக்காக டிராம் ஓட்டுகிறவள். தண்டவாளம் போட்ட இடத்துக்குத்தான் போகலாம், அட்டவணை சொன்ன வேகத்தில்தான் போகலாம். இப்படிப் பிழைப்பு நடத்துகிறவளுக்கு, சிவப்பாய், இரண்டே இருக்கையோடு, தரையை உரசி நிற்கிற பழைய இத்தாலியக் கார் மேல் ஆசை வந்தால் என்ன தப்பு? ஆசையில் தப்பில்லை, காரில்தான் வில்லங்கம். அதில் ஒரு பெல்ட் மாற்றுவதற்கு இன்ஜினையே கீழே இறக்கவேண்டும், அதுவும் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை. யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை.

வங்கி கடன் தரத் தயார். புருஷன் பொண்டாட்டி இரண்டு பேரும் கையெழுத்துப் போடவேண்டும், அவ்வளவுதான். புருஷன் ஹைக்கோ பேக்கரியில் ரொட்டி சுடுகிறவன். ராத்திரி வேலை. முழங்கால் தேய்ந்துபோய், வருகிற ஜனவரியோடு வேலையை விட்டுவிடுவதாக இருந்தான். கடன் வாங்கினால் அது நடக்காது, அடைக்கிற வரைக்கும் அடுப்பு முன்னால் நிற்கவேண்டியதுதான். அதை அவன் ஒரு வார்த்தை சொல்லிக்காட்டவில்லை. "உனக்குப் பிடிச்சிருந்தா நான் கையெழுத்துப் போட்டுடறேன்" என்றான். சண்டை போட்டிருந்தால் அவளும் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். பாவி மனுஷன் இப்படிச் சொல்லிவிட்டானே.

சனிக்கிழமை, வேலை முடிந்து வந்தவனை அப்படியே தங்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டு, அந்தக் கார் இருந்த பக்கத்து ஊரான ஓல்டன்பர்க்குக்குக் கிளம்பினாள். அவன் புருவத்தில் மாவுகூடப் போகவில்லை.

"ஏன் இந்த விரட்டு விரட்டுற? டிராம் லேட்டானா ஆபீஸ்ல திட்டுவாங்களா?"

"பேசாம வாப்பா."

காரை விற்கிறவர் லூடர்ஸ், ஓய்வு பெற்ற பல் டாக்டர். வாசலுக்கே வந்து வரவேற்றார். வீப்கே அவர் கையைக் குலுக்கிய கையோடு நேரே போய், இருக்கைக்குப் பின்னால் இன்ஜினை மூடியிருந்த தகட்டில் உள்ளங்கையை வைத்தாள். அந்த ஊர்ப்பக்கம் பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் முதலில் செய்கிற காரியம் அது. சூடான இன்ஜின் எல்லா நோயையும் மறைத்துவிடும்.

"சூடா இருக்கே?"

லூடர்ஸ் நெளிந்தார். "நீங்க வர்றீங்கன்னு காலையில ஒரு சுத்து போயிட்டு வந்தேம்மா. பேட்டரிக்கு நல்லதேன்னு."

"ஆறட்டும். ஆறினதும் கிளப்பிப் பாக்கறோம்."

மனுஷர் முகம் சுருங்கிவிட்டது. இருந்தாலும் மரியாதை தெரிந்தவர், உள்ளே கூப்பிட்டுக் காப்பியும் வெண்ணெய் கேக்கும் வைத்தார். வீப்கேவுக்கு ஒரு வாய் இறங்கவில்லை. எழுந்து போய்க் காரைச் சுற்றினாள். கதவைத் திறந்தாள், மூடினாள், குனிந்து அடியில் எண்ணெய்ச் சொட்டு தேடினாள். திரும்ப வந்து உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். கிளப்பும்போது நீலப்புகை வரட்டும், நாசமாய்ப் போன இன்ஜின் இருமட்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டாள். வண்டியில் குறை இருந்தால், முடிவெடுக்கிற பாரம் அவள் தலையிலிருந்து இறங்கிவிடும்.

ஹைக்கோ கேக்கை ருசித்துச் சாப்பிட்டான். லூடர்ஸ் தன் பேரப்பிள்ளைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, கையில் பிடித்த முள்கரண்டியோடு அப்படியே தூங்கிப்போனான். வாய் லேசாகத் திறந்திருந்தது. மடக்கிய சட்டைக் கைக்குக் கீழே அடுப்புத் தகடு சுட்ட தழும்புகள் தெரிந்தன.

"எழுப்பட்டுமா?" என்றார் லூடர்ஸ்.

"வேண்டாங்க. தூங்கட்டும்."

இன்ஜின் ஆறியது. அவள் தொட்டுப் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். ஒரே திருப்பு. புகையில்லை, இருமலில்லை. அந்த முழக்கம் இருக்கையின் வழியாக அவள் முதுகெலும்பில் ஏறியது. இப்படி ஒரு சந்தோஷத்தை அவள் வேலையில் ஒருநாளும் கண்டதில்லை, கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. கொஞ்ச நேரம் ஓடவிட்டு, மனசில்லாமல் அணைத்தாள்.

முழக்கம் கேட்டு விழித்த ஹைக்கோ, அந்த அமைதியில் வாசற்படி இறங்கி வந்தான். ஒவ்வொரு படிக்கும் முழங்கால் 'டக்' என்றது. கண்ணைக் கசக்கிக்கொண்டு சிரித்தான்.

"அட்டகாசமா இருக்கு. பேனா எங்க?"

வீப்கே ஸ்டியரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இல்லப்பா. ஒரு சத்தம் கேக்குது. டக் டக்குன்னு."

லூடர்ஸுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னம்மா சொல்றீங்க? இந்த வண்டியில அப்படி ஒரு சத்தம் நான் கேட்டதே கிடையாது."

"எனக்குக் கேட்டுது. மன்னிச்சுக்குங்க, வேண்டாம்."

திரும்பி வரும்போது, பாதி வழியில் ஹைக்கோ மெதுவாகச் சொன்னான்: "அந்த இன்ஜின்ல ஒரு கோளாறும் இல்ல. எனக்கும் காது இருக்கு. பாவம், அந்த மனுஷன் திங்கக்கிழமையே மெக்கானிக்கைக் கூப்பிட்டு இன்ஜினை இறக்கச் சொல்லப்போறாரு."

வீப்கேவுக்குச் சுருக்கென்றது. அடுத்த பெட்ரோல் பங்கில் வண்டியை ஓரங்கட்டிப் போனை எடுத்தாள்.

"ஐயா, வீப்கே பேசறேன். இன்ஜினைப் பிரிச்சுடாதீங்க. உங்க வண்டியில ஒரு குறையும் இல்ல. அந்தச் சத்தம் என் வீட்டுக்காரர் முழங்கால்ல வந்தது."

"சரிம்மா. பத்திரமா வீடு போய்ச் சேருங்க" என்றார் லூடர்ஸ்.

அவள் போனை வைத்துவிட்டு முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹைக்கோ காலை நீட்டி, முழங்காலை ஒரு தடவை தேய்த்துவிட்டுக்கொண்டான்.

"ஜனவரி வரைக்கும் தாங்கும்" என்றான்.