வானொலியில் சாவது எப்படி

வானொலியில் ஒரு மனிதரைச் சாகடிப்பது எப்படி என்று மஸீஹாவுக்குப் பிடிபடவில்லை.

இதற்கு முன் சாகடிக்காதவள் அல்ல. பகலில் மாத்தளைப் பள்ளிக்கூடம் ஒன்றில் டீச்சர், மற்ற நேரத்தில் வானொலித் தொடர் எழுதுகிறவள். ‘செக்கர் கனகரத்தினம்’ என்ற அவளுடைய துப்பறியும் தொடரில் வாரம் ஒருவராவது போய்ச் சேர்ந்துவிடுவார். ஒருவர் அலறிக்கொண்டு கிணற்றில் விழுந்தார். இன்னொருவர் செத்துக் கிடப்பதைப் பால்காரர் கண்டு ஊரைக் கூட்டினார். அலறலும் கூச்சலும் காதுக்கு எட்டும் என்பதால் அந்த வேலை சுலபம். இந்த வாரச் சாவில் இரண்டுமே இருக்கக் கூடாது.

கதை இதுதான். நாவுலயிலிருந்து மாத்தளைக்கு வரும் பஸ்ஸின் பின் சீட்டில் ஒரு மிளகு வியாபாரி இருக்கிறார். ஏறும் முன் குடித்த தேத்தண்ணியில் யாரோ நஞ்சு கலந்துவிட்டார்கள். வழியில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற பஸ் நிற்கிறது. இஞ்சின் அடங்குகிறது. பயணிகள் ஊர்க்கதை பேசத் தொடங்குகிறார்கள். அந்தப் பேச்சுக்கு நடுவே வியாபாரி செத்துப்போகிறார். பஸ்ஸில் இருக்கும் ஒருவருக்கும் அது தெரியாது. ஆனால் வானொலிக்கு முன்னால் இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும். அதன்பிறகுதான் டிக்கட் பரிசோதகர் கனகரத்தினம் ஏறி, “டிக்கட்டைக் காட்டுங்க பார்ப்போம்” என்று தன் வழக்கப்படி சீட்டு சீட்டாக வருவார். அவர் பின் சீட்டை நெருங்க நெருங்கக் கேட்கிறவர்களுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ள வேண்டும். முன்கூட்டியே தெரிந்திருந்தால்தானே அடிக்கும்?

படமாக இருந்தால் தலை சாய்வதைக் காட்டிவிடலாம். டெலிவிஷன் பெட்டி என்று ஒன்று வெளிநாடுகளில் இருப்பதாகப் பத்திரிகையில் படித்த காலம் அது. இங்கே இருந்தது காது மட்டும்தான்.

தொடருக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. வாரம் ஒரு பஸ் பாதை, அந்தப் பாதையில் உள்ள ஊரிலிருந்து ஒரு மேடை நடிகர் விருந்தாளியாக வந்து நடிப்பார். யோசனை மஸீஹாவுடையது. முதல் இரண்டு விருந்தாளிகளும் மைக்குக்கு அப்பால் ஆயிரம் பேர் உட்கார்ந்திருப்பதாக நினைத்து முழங்கிவிட்டார்கள். கொழும்பிலிருந்து தயாரிப்பாளர் சுந்தரலிங்கம் டெலிபோனில் கறாராகச் சொல்லிவிட்டார்.

“உங்கட மாத்தளை ஆள்தான் கடைசி, டீச்சர். சரிவராட்டி இனி மேடைக்காரர் வேண்டாம். இங்க உள்ள ஆக்களையே போட்டு முடிப்பம்.”

மாத்தளை ஆள் என்றால் ஐயாவு. சந்தையில் தேங்காய்க் கடை வைத்திருப்பவர். திருவிழா நாடகங்களில் ராசா வேஷம் அவருக்குத்தான். அந்த ராசா கடைசியில் அம்பு பட்டுச் சாவார். சாவதற்கே அரைமணி நேரம் எடுப்பார். சனங்கள் “வன்ஸ்மோர்” என்று கத்தினால் எழுந்து, அம்பை மறுபடி செருகிக்கொண்டு, இன்னொரு தரம் சாவார்.

மஸீஹாவின் அண்ணன் றஹீம் நானாவுடைய பலசரக்குக் கடையின் மாடியில்தான் ஒலிப்பதிவு. ரேடியோ திருத்துகிற மக்கீன் தன் டேப் ரெக்கோடரைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். மஸீஹா அவரிடம் ஒரு ஏற்பாடு செய்யச் சொன்னாள். மைக்கிலிருந்து ஒரு வயரைப் பின்னறைக்கு இழுத்து அங்கே ஸ்பீக்கர் வைப்பது. பின்னறையில் அவளுடைய மதினி ஜுனைதாவும் பக்கத்து வீட்டு நோனாவும் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் கதை தெரியாது. கதை தெரிந்தவரின் காதை நம்பக் கூடாது, ஏனென்றால் அது இல்லாததையும் கேட்டுவிடும்.

முதல் தரம் ஐயாவு தன் இஷ்டப்படி செத்தார். தொண்டையைப் பிடித்தார். தன்னைப் பெற்றவளைக் கூப்பிட்டார். மிளகுக் கொடியைக் கூப்பிட்டார். மக்கீனின் ரெக்கோடரில் ஒலியளவு முள் சிவப்புக் கோட்டைத் தாண்டிப் போய் முட்டி நின்றது.

பின்னறையிலிருந்து ஜுனைதா கேட்டாள். “பஸ்ல இரிக்கிறவங்க எல்லாம் செவிடா மஸீஹா?”

இரண்டாம் தரம் வசனம் இல்லை. ஒரு முனகல், ஒரு விழுகை. ஐயாவு பலகைத் தரையில் நிஜமாகவே விழுந்தார்.

“கீழ கடைக்கு மூட்டை வந்திரிக்கி போல,” என்றாள் நோனா.

மூன்றாம் தரம் மஸீஹா வேறு வழி எடுத்தாள். வியாபாரி மிளகு விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே வருவார், பாதி வாக்கியத்தில் நின்றுவிடுவார். அவ்வளவுதான். ஐயாவு அழகாக நின்றார். முழு அறையும் அமைதியானது. அவளுக்கே மயிர் கூச்செறிந்தது.

ஜுனைதா வாசலில் வந்து நின்றாள். “மக்கீன், உங்கட மெஷின் நின்னுட்டு.”

மக்கீன் சிரித்துவிட்டார். மஸீஹாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மேடையில் ஒருவர் பேச்சை நிறுத்தினால் சனங்கள் அவருடைய முகத்தைப் பார்ப்பார்கள். வானொலியில் நிறுத்தினால் எழுந்து வந்து பெட்டியின் தலையில் தட்டுவார்கள். மௌனம் என்பது அங்கே பழுது.

“விடுங்க டீச்சர்,” என்றார் ஐயாவு. “நம்ம ஊர் பேரு ரேடியோவுல வர வேணாம்னு இருக்கு போல.” அவர் ஏற்கெனவே சந்தை முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அதை அவர் சொல்லாவிட்டாலும் மஸீஹாவுக்குத் தெரியும்.

பகல் சாப்பாடு வந்தது. ஜுனைதா ஆக்கிய சோற்றையும் பொலொஸ் என்ற பிஞ்சுப் பலாக்காய்க் கறியையும் ஐயாவு இரண்டு தரம் போட்டுக்கொண்டு, மூலையில் இருந்த சாய்வு நாற்காலியில் போய் விழுந்தார். கொஞ்ச நேரத்தில் குறட்டை தொடங்கியது. முதலில் எல்லாரும் சிரித்தார்கள். பிறகு பழகிப்போய்விட்டது. மக்கீன் டேப்பைச் சுற்றிக்கொண்டிருந்தார், ஜுனைதாவும் நோனாவும் பல்லேபொலவில் நடந்த ஒரு கலியாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு தட்டுகளை அடுக்கினார்கள், மஸீஹா தாளைப் பார்த்தபடி இருந்தாள்.

திடீரென்று குறட்டை நின்றது.

ஜுனைதாவின் கை தட்டோடு நின்றது. நோனா பேச்சை விட்டுத் திரும்பினாள். மக்கீனும் தலையை நிமிர்த்தினார். நான்கு பேரும் நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐயாவு ஒரு பக்கமாகப் புரண்டார், மறுபடி கொர்ரென்றது, நான்கு பேரும் தங்கள் வேலைக்குத் திரும்பினார்கள்.

இல்லை, மூன்று பேர்தான் திரும்பினார்கள். மஸீஹா எழுந்து நின்றாள்.

“மதினி, இப்ப ஏன் திரும்பிப் பார்த்தீங்க?”

“நான் பார்த்தேனா?” என்றாள் ஜுனைதா.

அதுதான் விஷயம். பார்த்ததே அவளுக்குத் தெரியவில்லை. கேட்டுக் கேட்டுப் பழகிய சத்தத்தைக் காது கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் காவலை விடுவதும் இல்லை. அது நின்ற நொடியில் மனிதனை உலுக்கிவிடுகிறது. சும்மா இருக்கும் மௌனத்தை யாராலும் கேட்க முடியாது. ஒரு சத்தம் நிற்பதைக் கேட்கலாம்.

பெண்கள் இருவரும் பின்னறைக்குப் போனதும் ஐயாவுவை எழுப்பிச் சொன்னார்கள். அவருக்கு அது உவப்பாக இல்லை.

“முப்பது வருஷம் ராசாவா செத்தவன் நான். குறட்டை விடவா கூட்டியாந்தீங்க? நாளைக்குத் தேங்காய் வாங்க வர்றவன் எல்லாம் என்னைப் பார்த்துக் கொர்ருன்னு சொல்லிட்டுப் போவான்.”

“ஐயாவு அண்ணே, ராசா செத்தப்ப சனம் உங்களப் பார்த்தாங்க. கிரீடத்தப் பார்த்தாங்க. இங்க பார்க்க ஒண்ணுமில்ல. நீங்க நிறுத்துற அந்த இடத்துல நாடு பூரா கையில உள்ளத வச்சிட்டுத் திரும்பணும். கிரீடம் இல்லாம அதச் செய்ய ஏலுமா ஒங்களுக்கு?”

ஐயாவு யோசித்தார். “வசனமே இல்லையா?”

“இல்ல.”

“ஒண்ணாவது?”

“டிக்கட் வாங்கக்குள்ள ‘மாத்தளைக்கு ஒண்ணு’ன்னு சொல்லுங்க.”

“அது ஒரு வசனமா,” என்று சொல்லிக்கொண்டே அவர் நாற்காலியை மைக்குப் பக்கம் இழுத்தார்.

ஆனால் ஒரு யோசனை பிடித்திருக்கிறது என்பதற்காக உடனே வேலை செய்துவிடாது. முதலில் குறட்டை மைக்குக்கு மிகக் கிட்டே இருந்தது. பயணிகளின் பேச்சு ஒன்றும் கேட்கவில்லை, பின்னறையில் சிரிப்பு அடங்கவில்லை. தூரத்தில் வைத்தால் இருப்பதே தெரியவில்லை. ஆகவே கிட்டே தொடங்கி, சிரித்து முடிக்க நேரம் கொடுத்து, மக்கீன் நாற்காலியை மெல்ல மெல்லப் பின்னால் இழுத்தார். மஸீஹாவும் கீழே கடையிலிருந்து வந்த றஹீமும் பயணிகளாகப் பேசினார்கள். பின்னறைக்காரர்கள் பேச்சைக் கவனிக்கத் தொடங்கினார்கள், குறட்டை பழகிவிட்டது. மஸீஹா கையைக் காட்டினாள். ஐயாவு நிறுத்தினார்.

பின்னறையில் ஒரு அசைவும் இல்லை. வெகுநேரம் கழித்து நோனா சொன்னாள், “அந்த மனுஷன் முழிச்சிட்டார் போல.”

மஸீஹா ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். பகலில் திரும்பிய காது இப்போது ஏன் திரும்பவில்லை? இரண்டும் அதே குறட்டைதானே. அவள் நெஞ்சில் கையை வைத்துத் தானே மூச்சு விட்டுப் பார்த்தாள். உள்ளே இழுத்தாள், வெளியே விட்டாள், கொஞ்சம் சும்மா இருந்தாள், மறுபடி இழுத்தாள். திரும்பவும் செய்து பார்த்தாள். சும்மா இருக்கும் அந்தச் சிறு இடைவெளி எப்போதும் வெளியே விட்ட பிறகுதான் வந்தது. இழுத்த பிறகு யாரும் சும்மா இருப்பதில்லை. இழுத்ததை விட்டே ஆக வேண்டும்.

“அண்ணே, இப்ப எங்க நிறுத்தினீங்க?”

ஐயாவு செய்து காட்டினார். கொர்ரென்று இழுத்து, புஸ்ஸென்று விட்டு, நின்றார். அதாவது, ஊரில் தூங்குகிற எல்லாரும் நிற்கிற இடத்தில்தான் அவரும் நின்றிருக்கிறார். பகல் தூக்கத்தில் குறட்டை நின்றதோ இழுப்போடு.

“புஸ் வேணாம். கொர்ரோட நில்லுங்க. இழுத்த மூச்ச விடாதீங்க. சீன் முடியுமட்டும் விடாதீங்க.”

மக்கீன் மஸீஹாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். “ஏலாது ராத்தா. எவ்வளவு நேரம் அடக்குவார்? விடக்குள்ள மைக் பிடிச்சிரும்.”

ஐயாவு அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். “தம்பி, ராசா செத்துக் கிடக்கிறப்ப மகாராணி ஒரு ஒப்பாரி வைப்பா. முன்வரிசையில இருக்கிறவன் எல்லாம் அவளைப் பார்க்க மாட்டான். என் வயிறு அசையுதான்னுதான் பார்ப்பான். ஒரு தரம்கூட எவனும் கண்டதில்ல.”

நாற்காலியை முதலிடத்துக்குக் கொண்டுவந்தார்கள். டேப் ஓடியது. சிரிப்பு வந்து அடங்கியது. மக்கீன் இழுத்தார். றஹீம் மிளகு விலையைச் சொன்னார், மஸீஹா அதற்கு ஒரு பதில் சொன்னாள். ஐயாவு கொர்ரென்று இழுத்தார். நின்றார்.

மஸீஹாவும் றஹீமும் ஒன்றும் நடக்காதது போலப் பேசிக்கொண்டே போனார்கள். பின்னறையில் சுளகு கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது. பிறகு ஜுனைதாவின் குரல், மிக மெல்லியதாக.

“விடல்லையே. அந்த மனுஷன் மூச்ச விடல்லையே, நோனா.”

மக்கீன் டேப்பை நிறுத்தும்வரை ஐயாவு விடவில்லை. நிறுத்திய பிறகு விட்டார். கடை மாடியே ஆடியது.

ஒலிபரப்பான சனிக்கிழமை மாலை, மாத்தளை பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த தேத்தண்ணிக் கடையில் ஐயாவு பின்பக்கமாக நின்றிருந்தார். முன்னால் ஒரே கூட்டம். “இந்த வார விருந்து நடிகர், மாத்தளை ஐயாவு” என்று அறிவிப்பாளர் சொன்னபோது எல்லாரும் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். குறட்டைக்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு மறந்து தேத்தண்ணி குடித்தார்கள். பிறகு அது நின்றது. கடைக்குள் கரண்டிச் சத்தம் ஒன்றுகூட இல்லை. நாவுல பஸ் கண்டக்டர் ஒருவர் ஐயாவு பக்கத்தில் நிற்பதையும் மறந்து வானொலிப் பெட்டியைப் பார்த்துச் சொன்னார், “யோவ், பின் சீட்டப் பாருங்கய்யா.” செக்கர் கனகரத்தினம் ஒவ்வொரு டிக்கட்டாகக் கேட்டு வர வர, குடிக்காத தேத்தண்ணி ஆடை படிந்து ஆறியது. ஐயாவு தன் மார்பைத் தொட்டுப் பார்த்தார். அவரும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் நின்றிருந்தார்.

திங்கட்கிழமை றஹீமின் கடைக்குக் கொழும்பிலிருந்து டெலிபோன் வந்தது. சுந்தரலிங்கம் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“அடுத்த விருந்தாளியும் மேடைக்காரர்தான். எந்த ஊர் எண்டு நீங்களே சொல்லுங்கோ. ஆனா முதல்ல இதைச் சொல்லுங்கோ டீச்சர், அவரை எப்பிடிச் சாகடிச்சனீங்கள்?”

மஸீஹா வகுப்பில் சொல்வது போல நிதானமாகச் சொன்னாள்.

“முதல்ல அவர் இரிக்கிறார்னு காதுக்குப் பழக்கணும், அதுக்குக் குறட்டை. பழகினதும் மெல்லத் தூரமாக்கணும். அதுக்குப் பொறகு மூச்ச உள்ள இழுத்த இடத்துல நிறுத்தணும், வெளிய விட்ட இடத்துல இல்ல. வெளிய விட்டா தூங்குறார். உள்ள இழுத்து விடாட்டி, செத்துட்டார்.”