டைப் அடித்த சொல்

தட்டச்சிலும் சுருக்கெழுத்திலும் ஹையர் பாஸ் பண்ணிய சந்திராவுக்கு அந்தக் காண்ட்ராக்ட் கம்பெனியில் டெம்பரவரி வேலை கிடைத்து ஏழு மாதம் ஆகியிருந்தது. சுரங்க டவுன்ஷிப்பை விட்டு வெளியே, வடக்குத்து கிராமத்துக்குப் போகிற ரோட்டில் தகரக் கொட்டகை போட்டு, கன்வேயர் பெல்ட் ஓடும் இரும்பு டிரம்களைப் பழுதுபார்த்துக் கொடுக்கிற கம்பெனி அது. மானேஜர் குஞ்சிதபாதம், ஒரு ஸ்டோர் கீப்பர், சந்திரா, இவர்கள் மூவர்தான் ஆபீஸ். மற்றவர்கள் எல்லாரும் கொட்டகையில்.

எழுபத்தொன்பதாம் வருடம் ஆடி மாதம், ஒரு திங்கட்கிழமை காலை, செயின் பிளாக்கில் தூக்கிய டிரம், அதைக் கட்டியிருந்த கம்பிவடம் அறுந்து கீழே விழுந்தது. ஃபிட்டர் ராஜேந்திரனின் இடது பாதத்தில் அதன் விளிம்பு இறங்கி, இரண்டு விரல்கள் போய்விட்டன. செயினைப் பிடித்திருந்தவர் பளு தூக்கும் கலாசி கண்ணையன். "தள்ளு, தள்ளு" என்று அவர் போட்ட சத்தத்தில்தான் கால் தப்பியது என்று ஆஸ்பத்திரியில் ராஜேந்திரனே சொன்னான்.

அன்று மத்தியானம் கண்ணையனிடம் வாக்குமூலம் வாங்கச் சொன்னார் மானேஜர். சொல்வது தமிழில், எழுதுவது இங்கிலீஷில். சந்திரா மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்தாள். கண்ணையன் ஸ்டூலில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார். நாற்பது வயது இருக்கும். கையில் கிரீஸ் இன்னும் காயவில்லை.

"தூக்கறப்போ நான்தாம்மா பாத்துக்கினு இருந்தேன். செயினு எங்கையில. வடம் நஞ்சு போச்சுன்னு போன வாரமே சொன்னேன். அதையும் எழுதிக்கோம்மா."

சந்திரா எழுதினாள். டிரம்மைத் தூக்கும் வேலையைத் தான் 'சூப்பர்வைஸ்' செய்ததாகக் கண்ணையன் சொல்கிறார் என்று அடித்து மானேஜரிடம் கொண்டுபோனாள். வடம் நைந்த விஷயத்தை அவர் ஒரு கோடு போட்டு அடித்தார். பிறகு 'சூப்பர்வைஸ்' என்ற சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டார். "கலாசி எப்படிம்மா சூப்பர்வைஸ் பண்ணுவான்? நாளைக்கு இந்தப் பேப்பரையே காட்டி மேல் கிரேடு கொடுன்னு வந்து நிப்பான். வேற வார்த்தை போடு."

வேறு வார்த்தை. மேலே இருந்து பார்த்துக்கொள்வது. ஓவர், லுக். அவளுக்கு அது சரியாகத்தான் பட்டது. ஸ்கூலில் ஏதோ பாடத்தில் வேலையாட்களை ஓவர்லுக் செய்த ஒரு பண்ணைக்காரன் வந்திருந்தான். 'ஐ ஓவர்லுக்டு தி லிஃப்டிங்' என்று அடித்தாள். குஞ்சிதபாதம் ஒரு நிமிஷம் அந்த வரியையே பார்த்தார். "இது சரி" என்றார். கண்ணையன் தமிழில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கை கழுவப் போனார்.

மூன்றாம் நாள் மானேஜர் குற்றப்பத்திரிகை சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். தேதி, இடம், பெயர். நான்காவது வரியில், கண்ணையன் தன் வாக்குமூலத்திலேயே தூக்கும் வேலையை ஓவர்லுக் செய்ததாக ஒப்புக்கொண்டிருப்பதால், கவனக்குறைவுக்காக ஏன் வேலையை விட்டு நீக்கக்கூடாது என்று வந்தது. சந்திராவின் விரல்கள் நின்றுவிட்டன.

"சார், நான் அந்த அர்த்தத்துல போடல."

"எந்த அர்த்தத்துல?"

"பாத்துக்கிட்டாருன்னுதான் சார் போட்டேன். பாக்காம விட்டாருன்னு இல்ல."

குஞ்சிதபாதம் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கோபப்படவில்லை. "வார்த்தை இருக்கு. கையெழுத்து இருக்கு. நீ என்ன நெனச்சேன்னு பேப்பர்ல இல்லையே. அடிச்சு முடி."

அடித்து முடித்தாள். சாயங்காலம் நேராக டவுன்ஷிப் நூலகத்துக்குப் போய்த் தடிமனான அகராதியைப் பிரித்தாள். மேற்பார்வை செய்தல் இருந்தது, பக்கத்தில் இன்ஸ்பெக்ட், சூப்பர்வைஸ் என்று இணைச் சொற்கள். அதற்குக் கீழேயே கவனிக்கத் தவறுதல், நெக்லெக்ட், மிஸ். இன்னும் கீழே, பிழையைப் பொறுத்து மன்னித்தல். ஒரே சொல்லுக்குள் காவல் காப்பவனும் கோட்டை விட்டவனும் சேர்ந்து குடியிருந்தார்கள். முதல் அர்த்தம் இப்போது யாரும் அதிகம் பயன்படுத்தாதது என்றும் போட்டிருந்தது. அதை மறுபடி படித்துவிட்டு அகராதியை மூடினாள்.

வீட்டில் அப்பா வேலுமணி முதல் ஷிஃப்ட் முடிந்து வந்து படுத்திருந்தார். சேலம் பக்கத்திலிருந்து வந்து சுரங்கத்தில் பெர்மனென்ட் ஆனவர். முழுவதையும் கேட்டுவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"நீ டெம்பரவரி கண்ணு. நாளைக்கு விசாரணையில சுருக்கெழுத்து எழுதத்தான் உன்னைக் கூப்பிட்டிருக்காங்க. எழுதிட்டு வந்துடு."

"அவருக்கு வேலை போயிடும்பா."

"உனக்கும் போவும்." அவர் தலையணையைச் சரிசெய்தார். "நான் சொல்றத சொல்லிட்டேன்" என்று மறுபடி படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை ஆபீஸுக்கு வந்ததும் குத்தூசியில் குத்தி வைத்திருந்த பழைய தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். சிவப்பு வட்டம் போட்ட அந்த முதல் தாள் இல்லை. ஸ்டோர் கீப்பரிடம் கேட்டதற்கு, நேற்று மானேஜரே குப்பையைக் கொளுத்தச் சொன்னார் என்றான்.

பத்தரை மணிக்கு விசாரணை. கடலூரிலிருந்து கம்பெனி ஒரு வக்கீலை விசாரணை அதிகாரியாக அமர்த்தியிருந்தது. தலை நரைத்த மனிதர். மின்விசிறி காற்றில் பறக்காமல் காகிதங்கள்மேல் ஒரு போல்ட்டை வைத்திருந்தார். கண்ணையன் வெளுத்த சட்டை போட்டு வந்திருந்தார். மானேஜர் வாக்குமூலத்தைப் படித்துத் தமிழிலும் சொன்னார்: கவனிக்காமல் விட்டுவிட்டேன்.

"நான் அப்பிடிச் சொல்லலிங்க" என்றார் கண்ணையன்.

"கையெழுத்து உன்னுதுதானே?" என்று வக்கீல் கேட்டார்.

"எங்கையெழுத்துதாங்க."

"அப்ப என்ன சொன்ன?"

"பாத்துக்கினு இருந்தேன்னு சொன்னேங்க."

"சும்மா பாத்துக்கிட்டு நின்னியா? அதுவும் கவனிக்காததுதானே?"

கண்ணையன் தன் இரண்டு கைகளையும் பார்த்தார். "செயினு எங்கையில இருந்துச்சுங்க. சும்மா நிக்கிறவங்கையில செயினு இருக்காதுங்க." பிறகு திரும்பி சந்திராவைப் பார்த்தார். குற்றம் சொல்லும் பார்வை இல்லை. அந்தக் காகிதத்தில் என்ன இருக்கிறது என்று அந்த அறையில் அவருக்குத் தெரிந்த ஒரே ஆளிடம் கேட்கிற பார்வை.

சந்திரா அந்த வரியையும் எழுதி முடித்தாள். பென்சிலைக் கீழே வைத்தாள். எழுந்தபோது நாற்காலி பின்னால் உராய்ந்து பெரிதாகச் சத்தம் போட்டது.

"சார், அந்த வார்த்தை அவர் சொன்னதில்ல. நான் போட்டது."

மானேஜர், "சந்திரா, உட்காரு" என்றார்.

"முதல்ல சூப்பர்வைஸ்னு அடிச்சேன் சார். கலாசிக்கு அது வேண்டாம், வேற வார்த்தை போடுன்னு மானேஜர் சார் சொன்னாரு. மேற்பார்வைங்கற அர்த்தத்துலதான் ஓவர்லுக்னு போட்டேன். வடம் நஞ்சிருக்குன்னு ஒரு வாரம் முன்னாடியே சொன்னதா அவர் சொன்னாரு. அதையும் அடிச்சிருந்தேன். அதை எடுத்துட்டாங்க."

"அப்படி எதுவும் நடக்கல" என்றார் குஞ்சிதபாதம்.

வக்கீல் அவளைப் பார்த்தார். "அந்த முதல் தாள் இருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப உன் வாய்வார்த்தைதான்."

"ஆமா சார்."

கொட்டகையில் யாரோ சுத்தியலால் இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். வக்கீல் அது நிற்கும்வரை காத்திருந்தார். பிறகு, "உட்காரும்மா. பென்சில எடு. இப்ப நீ சொன்னத எல்லாம் எழுது. விட்டுடாத" என்றார்.

தன் சாட்சியத்தைத் தானே சுருக்கெழுத்தில் எழுதினாள் சந்திரா. தட்டச்சர் கூறுவதாவது என்று ஆரம்பித்தாள். குஞ்சிதபாதம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வடம் எப்போது வாங்கியது, கடைசியாக யார் சோதித்தது என்று வக்கீல் அடுத்தடுத்துக் கேட்டார். அந்தக் கேள்விகளுக்கு மானேஜர் சொன்ன பதில்கள் எல்லாம் குட்டையாக இருந்தன.

சனிக்கிழமை அவளைத் திங்கள் முதல் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். காரணம் எழுதித் தரவில்லை. அன்று மட்டும் அப்பாவே காபி போட்டு அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

மூன்று வாரம் கழித்து, குறிஞ்சிப்பாடியில் ஒரு நெசவுக் கூட்டுறவு ஆபீஸில் டைப்பிஸ்ட் வேண்டும் என்று கேள்விப்பட்டு பஸ்ஸுக்கு நின்றபோது, கண்ணையன் சைக்கிளை நிறுத்தினார். குற்றம் நிரூபணமாகவில்லை என்று தீர்ப்பு வந்துவிட்டதாம். வேலை இருக்கிறது, கலாசியாகவே. ராஜேந்திரன் கட்டையை ஊன்றி நடக்கிறான்.

"ஒனக்குத்தான் போயிடுச்சு" என்றார். கொஞ்சம் தயங்கினார். "ஒண்ணு கேக்கட்டுமாம்மா. கோச்சுக்காத. நான் தமிழ்லதானே சொன்னேன். அன்னிக்கே தமிழ்லயே எழுதியிருந்தா இதெல்லாம் ஏது?"

இங்கிலீஷில்தான் வேண்டும் என்று மானேஜர் சொன்னது அவள் நாக்கு வரை வந்தது. அதைச் சொல்ல மனம் வரவில்லை.

"எழுதியிருக்கணும். எனக்குத் தோணல" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். கோபமா, பரிவா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. பஸ் வந்தது. கூட்டத்தில் முண்டி ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பியபோது, கண்ணையன் இரண்டாவது ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டதுபோல வேகமாகப் பெடலை மிதித்துக்கொண்டு போனார்.