வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்தது. ஆனால் அன்று பிரத்யுஷா மேல் வந்தது நியாயமான கோபம்.

கோயம்புத்தூர் ஆய்வகம் ஒன்றில் இருவரும் ஆராய்ச்சி மாணவிகள். தொட்டித் தண்ணீரின் மேல் கொழுப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, இரண்டு பக்கமும் பட்டைகளால் மெதுவாக நெருக்கினால், ஒரே ஒரு மூலக்கூறு கனத்தில் படலம் சேரும். அதைக் கண்ணாடித் துண்டில் ஏற்ற வேண்டும். எனக்கு ஏறியது. அவளுக்கு ஒருமுறைகூட ஏறவில்லை. இன்றும் ஏறாவிட்டால் படிப்பை நிறுத்தி ஊரில் மில் வேலைக்கே கூட்டிப் போய்விடுவதாகச் சொல்லி, வெள்ளகோவிலிலிருந்து அவள் அப்பா சீனிவாசலு வந்து உட்கார்ந்திருந்தார்.

கொழுப்பை விடும் முன்பே, வெறும் தண்ணீரைப் பட்டைகள் நெருக்கும்போதே அழுத்தமானியில் எண் ஏறியது. அப்படி ஏறினால் தண்ணீர் மேல் ஏற்கெனவே ஏதோ மிதக்கிறது என்று அர்த்தம். பிரத்யுஷாவுக்குக் கண் கலங்கிவிட்டது. என்னவென்று பார்க்க அவள் பக்கத்தில் குனிந்தேன். நல்லெண்ணெய் வாசம் குப்பென்று அடித்தது.

"எண்ணெ தேச்சுக் குளிச்சியா அம்மணி?"

"வெள்ளிக்கெழமயில்ல? நல்ல நாளுன்னுதான் எப்பவும் இன்னிக்கே தொட்டியக் கேட்டு வாங்கறேன்."

ஆண்டவரே! வாராவாரம் எண்ணெய்த் தலையோடு வந்து, முன்முடியை ஒதுக்கிய கையுறையாலேயே பட்டையையும் தொட்டிருக்கிறாள். கன்னாபின்னாவென்று திட்டினேன். திட்டிக்கொண்டே அவள் கூந்தலைத் தொப்பிக்குள் அடைத்து, புதுக் கையுறை கொடுத்து, தொட்டியைத் தேய்த்துக் கழுவினேன். அவள் போய்விடுவாளோ என்று எனக்குத்தான் அதிக பயம்.

இந்த முறை வெறும் தண்ணீரில் எண் அசையவில்லை. அவள் கொழுப்பை விட்டு நெருக்கினாள். பாதி முங்கியிருந்த கண்ணாடி மெல்ல மேலே வந்தது, ஈரமே இல்லாமல்.

சீனிவாசலு அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஜெனிதா கண்ணு, இதுல ஒண்ணுமே காணமே."

"வாயால ஆவி உட்டுப் பாருங்கப்பா" என்றாள் பிரத்யுஷா.

விட்டார். முங்காத பாதியில் ஈரம் சமமாகப் பரவி, கண்ணாடி தெளிவாகவே இருந்தது. முங்கிய பாதியில் மட்டும், ஏறிய கொழுப்பின் மேல் பொடித் துளிகளாகப் பனி படிந்தது. நடுவில் அளவுகோல் வைத்துக் கிழித்த மாதிரி கோடு.

மறுபடியும் ஆவி விட்டார். அதே கோடு. பிறகு மனைவிக்குப் போன் போட்டார். என் அரைகுறைத் தெலுங்குக்கே அவர் சொன்னது புரிந்தது: "பங்காரம்மா, ராத்திரிக்கு நம்ம ரெண்டு பேருக்கு மட்டும் சமை. பொண்ணு வரலை."