ஐந்து டன் நன்னீர்

பொய் சொல்ல வேண்டும் என்று வெர்ன் ட்ரெம்பாத் நினைக்கவில்லை. கேட்டார்கள், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"ரிசர்வ் டாங்கில எவ்வளவு இருக்கு?" என்று எஞ்சினியர் டக்டேல் இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேலே கத்தினார்.

"அஞ்சு டன் சார்."

காலை ஆறு மணிக்கு அவனே ஏட்டில் எழுதிவைத்த எண் அது. ஆறு மணிக்கும் அது பொய்தான்.

டக்டேல் அதற்கு மேல் கேட்கவில்லை. உடைந்து கிடந்த வாலையை இன்னொரு தடவை பார்த்தார். கடல்நீரைக் காய்ச்சி நன்னீராக வடிக்கும் அந்தச் செம்புக் கலம் நெடுக்காக வெடித்து, கொதிநீர் தரையெங்கும் வழிந்துகொண்டிருந்தது. ஜப்பானியர்களின் குண்டு 'பிண்டாரி' கப்பலைத் தொடவே இல்லை. முப்பது கெஜம் தள்ளிக் கடலில்தான் விழுந்தது. ஆனால் அந்த அதிர்ச்சியில் வாலை போயிற்று. குடிநீர்த் தொட்டியும் தையல் விட்டு, அதில் கடல் கலந்துவிட்டது. சேர வேண்டிய டார்வின் துறைமுகத்துக்கு இன்னும் இருநூறு மைலுக்கு மேல் இருந்தது. விடியற்காலையில் தீமோர் தீவின் கரையிலிருந்து ஏற்றிய அகதிகள் அறுபத்திரண்டு பேர் மேலே இருந்தார்கள். அவர்களில் பாதிப்பேர் குழந்தைகள்.

"நாலு டன் பாய்லருக்கு," என்றார் டக்டேல். "பதினெட்டு மணி நேரம், முழு வேகம், சரியா இருக்கும். மிச்சம் ஒரு டன்னை மேல இருக்கிறவங்களுக்குக் குடிக்கக் குடுத்துடலாம். பிளேன் மறுபடி வரும். நின்னோம்னா தீர்ந்தோம்." சொல்லிவிட்டு ஏணியில் ஏறிப் போனார், கேப்டனிடம் சொல்ல.

அவர் சட்டை ஏணியின் உச்சியில் ஒரு கணம் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்து மறைந்தது. அதைத் துவைத்தவன் வெர்ன்தான்.

டார்வின் துறைமுகத்தில் நிற்கும் கார்வெட் என்னும் சிறு போர்க்கப்பல்களிலேயே வெள்ளைச் சட்டை வெள்ளையாக இருப்பது 'பிண்டாரி'யில் மட்டும் என்று ஒரு பேச்சு உண்டு. மற்றக் கப்பல்களில் உப்புநீரில் அலசி அலசித் துணியெல்லாம் பழுப்பேறிப் போயிருக்கும், சோப்பு நுரைக்காது. இங்கே நுரைத்தது. பாய்லரைக் கவனிக்கும் ஸ்டோக்கர்களான வெர்னும் கியோவும் சேர்ந்து நடத்திய டோபி கம்பெனி பாய்லர் அறையின் மூலையில் இரண்டு தொட்டிகளோடு இருந்தது. பாய்லருக்கென்று வாலை வடித்த நன்னீர்தான் அவற்றில் இருக்கும். மழைநீர் மாதிரி மிருதுவான தண்ணீர். துணியைப் பாய்லரின் தலைமேல் விரித்தால் ஒரு சிகரெட் முடிவதற்குள் காய்ந்துவிடும். கூலியாகப் புகையிலை வந்தது. புகையிலையைவிட, தளத்தில் நடக்கும்போது அதிகாரிகள் அவனைப் பார்த்துத் தலையசைத்தது வெர்னுக்குப் பிடித்திருந்தது. போர்ட் பிரீ ஈய உருக்காலையில் உலைக்கு முன்னால் ஏழு வருடம் நின்றவனைப் பார்த்து யாரும் தலையசைத்ததில்லை.

எடுத்த தண்ணீரை அன்றன்றே ஈடுகட்டிவிடுவான். தன் முறை வரும்போது வாலையைக் கொஞ்சம் கூடுதலாக ஓடவிட்டால் போதும். இந்த வாரம் வாலை மக்கர் செய்தது. நாளைக்குச் சரிசெய்துகொள்ளலாம் என்று நான்கு நாளாக ஏட்டில் ஐந்து, ஐந்து, ஐந்து என்றே எழுதிவந்தான்.

கியோ எண்ணெய் படிந்த துணியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தான். ஃபுட்ஸ்க்ரே பக்கத்து ஆள். குள்ளம், முன்பல் ஒன்று கிடையாது.

"முதலாளி, உன் மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துக் கெடக்கு? நம்ம துணி கூட இவ்ளோ வெளுக்காதே."

"கோலை எடு."

டாங்கின் மூடியைத் திறந்து அளவுக்கோலை இறக்கினார்கள். வெர்ன் தூக்கிப் பார்த்தான். துடைத்துவிட்டு மறுபடி இறக்கினான். இரண்டாம் முறையும் ஈரம் அதே கோட்டில்தான் நின்றது.

இரண்டரை டன்.

"பாதிதான் இருக்கு," என்றான் வெர்ன். "கியோ, பாதிதான் இருக்கு."

"கத்தாதடா."

"அவர்கிட்ட சொல்லிடறேன்."

"சொல்லி? ஜெயிலுக்குப் போவ. நானும் கூட வருவேன், அது பரவால்ல, உன்கூட இருந்து பழகிடுச்சு. ஆனா யோசி. டக்டேல் கிழவர் எப்பவும் அதிகமாத்தான் சொல்வாரு. நாலு டன்னுன்னா மூணு போதும். வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக் கொறைச்சுக்குவோம், யாருக்குத் தெரியப்போவுது?"

"பிரிட்ஜுல நிக்கிற கேப்டனுக்குத் தெரியாதா? அரை நாட் வேகம் கொறைஞ்சாலே போன் வரும்."

"அப்ப கொஞ்ச நேரம் பொறு. மழை வரலாம். டிசம்பர் மாசம்டா."

வெர்ன் பொறுத்தான். பிற்பாடு அவன் தன்னை மன்னிக்காதது இந்தப் பொறுத்தலைத்தான். பொய்யாவது தானாக வந்தது. இதை அவன் யோசித்துச் செய்தான். தலைக்கு மேலே பம்பு ஓடத் தொடங்கிய சத்தம் கேட்டது. டாங்கிலிருந்து தண்ணீர் குழாய் வழியாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. பாய்லரின் நீர்மட்டக் கண்ணாடியைப் பார்த்தபடி நின்றான். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் அவன் ஜெயிலை நினைக்கவில்லை, கப்பல் மூழ்கினால் கடலில் மிதக்கப்போகும் குழந்தைகளையும் நினைக்கவில்லை. நாளை தளத்தில் யாரும் தலையசைக்க மாட்டார்கள் என்பதைத்தான் நினைத்தான். தான் நினைப்பது எதை என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

பம்பை நிறுத்திவிட்டு ஏணியில் ஓடினான்.

டக்டேல் இயந்திர அறையின் மேல்தட்டில் குனிந்து நின்று, சுழலும் தண்டின் தாங்கி சூடேறியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், டாங்கில அஞ்சு டன் இல்ல."

"என்ன?"

"ரெண்டரைதான் இருந்துச்சு. இப்ப அதுவும் இல்ல, அரை டன் மேல ஏத்திட்டாங்க. ரெண்டு இருக்கும். நான் பொய்யா எழுதினேன் சார். துணி துவைக்க எடுத்தேன்."

டக்டேல் நிமிர்ந்தார். அடிப்பார் என்று வெர்ன் எதிர்பார்த்தான். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது. அவர் தன் சட்டைக் கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"எத்தனை நாளா?"

"நாலு நாளா பொய். துவைக்கிறது ஆறு மாசமா."

"துவைக்கிறது எனக்குத் தெரியும். எந்தத் தண்ணின்னு நான் கேக்கல. கேட்டிருந்தா உப்பு நாத்தத்தோட திரிஞ்சிருக்கணும்." அவர் குரல் தாழ்ந்தது. "அந்த ஏட்டுல தினமும் நானும் கையெழுத்துப் போட்டேன். கோலை இறக்கிப் பாக்காம."

வியர்வை அவர் மூக்கு நுனியிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது.

"ஒரு பாய்லருக்கு நல்ல தண்ணி. இன்னொண்ணுக்குக் கடல் தண்ணி. நுரைச்சுப் பொங்கும், ட்யூப் போகும், எவ்வளவு நேரம் தாங்குமோ தாங்கட்டும். இருட்டுற வரைக்கும் ரெண்டு பாய்லரும் வேணும். ஆனா அப்புறம் ஒரே பாய்லர்ல ஊர்ந்து போனா நேரம் கூடும், ரெண்டு டன் பத்தாது. நீ மேல போய் தண்ணியத் திருப்பி வாங்கிட்டு வா."

"சார்?"

"ஆளுக்கு அரைக் கப் விட்டுட்டு, மீதியைக் கொண்டா. வேற யாரையும் அனுப்பமாட்டேன். நீ போ."

மேல்தளத்தின் அடியிலிருந்த சாப்பாட்டறையில் இடமே இல்லை. மேஜைமேல், மேஜையடியில், மாலுமிகளின் பெட்டிகள்மேல் எல்லாம் ஆட்கள். போர்த்துகீசியப் பெண்கள், தீமோர்ப் பெண்கள், காய்ச்சலில் கிடந்த ஒரு பாதிரியார். காட்டில் மூன்று வாரம் ஒளிந்திருந்த உடம்புகளின் வாடை. நடுவில் சமையல்காரனின் பெரிய அண்டாக்கள் விளிம்புவரை நிரம்பி, கப்பல் சாயும்போதெல்லாம் தளும்பின. வெர்னைப் பார்த்ததும் ஒரு பெண் தகரக் குவளையை நீட்டினாள். இன்னும் ஊற்ற வந்தவன் என்று நினைத்துவிட்டாள். முப்பது வயதிருக்கும், எர்மெலிண்டா என்று யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். மடியில் ஒரு சிறுமி, உதடெல்லாம் வெடித்திருந்தது.

அவன் தலையை ஆட்டினான். தண்ணீரைக் காட்டி, தரையைக் காட்டி, கைகளால் சக்கரம் சுற்றுவதுபோல் சுற்றிக் காட்டினான். யாருக்கும் புரியவில்லை. கடைசியில் அண்டாக்களைத் தூக்கத் தொடங்கினான். பிறகு வாளிகள், கெட்டில்கள், யாரோ நிரப்பி ஒளித்துவைத்த பூட்ஸ் ஒன்றுகூட. ஒரு கிழவர் அண்டாவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. வெர்ன் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். அந்த விரல்களில் பலமே இல்லை. அதுதான் அவனால் தாங்க முடியாததாக இருந்தது.

எர்மெலிண்டா தன் குவளையை முந்தானைக்குள் வைத்து மூடிக்கொண்டு அவனையே பார்த்தாள். அதில் அரைக் கப்புக்கு மேல் இருந்தது. அவன் அதைக் கேட்கவில்லை.

கடல்நீர் ஏறிய இடது பாய்லருக்கு முன்னால் நிற்க டக்டேல் வெர்னைத்தான் சொன்னார். கியோவை யாரும் சொல்லவில்லை. அவனாக வந்து பக்கத்தில் நின்றான்.

"நீ போ. அந்தப் பக்கம் நல்ல பாய்லரைப் பாரு."

"கம்பெனியில பாதி என்னுதுடா. லாபத்துல பங்கு வாங்கினேன்ல."

மதியம் இரண்டு மணிக்கும் பாய்லர் தாங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடிக் குழாய்க்குள் நீர் நுரைத்து ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. எது நீர், எது நுரை என்று சொல்ல முடியவில்லை. அரைமணிக்கு ஒருமுறை உப்புக்குழம்பை வெளியே ஊதித் தள்ளினார்கள். ஆளுக்கு இரண்டு மடக்குத் தண்ணீர் என்று டக்டேல் கொடுத்தனுப்பியதை வெர்ன் தொடவில்லை. கியோ தன்னுடையதைக் குடித்துவிட்டு, "வீரம் காட்டாத, மயங்கி விழுந்தா உன்னைத் தூக்க எனக்குத் தெம்பு இல்ல," என்று அதட்டினான். அப்புறம் வெர்னும் குடித்தான்.

இரண்டரைக்கு விமானங்கள் திரும்பி வந்தன. கீழே இருப்பவர்களுக்கு விமானம் தெரியாது. மேலே துப்பாக்கிகள் இரைவதும், கப்பல் ஒரு பக்கமாக விழுந்துவிடுவதுபோல் திரும்புவதும், பிறகு இரும்புச் சுவரை யாரோ பெரிய சம்மட்டியால் அறைவதும்தான் தெரியும். விளக்குகள் அணைந்து எரிந்தன. பேசும் குழாயில் டக்டேலின் குரல் வந்தது: "வேகத்தைக் கொறைக்காத. என்ன ஆனாலும் கொறைக்காத."

நீர்மட்டம் கண்ணாடியில் காணாமல் போயிற்று.

"தீயை அணைக்கணும்," என்றான் கியோ. "ட்யூப் போயிடும்."

"அஞ்சு நிமிஷம்."

"வெர்ன்."

"அவங்க போகட்டும். அஞ்சு நிமிஷம்டா."

மூன்று நிமிடம் கிடைத்தது. அந்த மூன்று நிமிடத்தில் இரண்டு குண்டுகள் விழுந்தன. இரண்டும் சற்று முன்பு கப்பல் இருந்த இடத்தில்தான் விழுந்தன. அதற்குப் பிறகு பாய்லருக்குள் ஏதோ இருமியது. தீக்கு எண்ணெய் போகும் வால்வு கியோவின் பக்கம் இருந்தது. அவன் அதை மூடக் குனிந்தபோது உலைக்கதவு திறந்துகொண்டு ஆவி வெளியே பாய்ந்தது. வெள்ளை. அறை முழுவதும் வெள்ளை. அதற்குள்ளிருந்து வால்வு மூடும் சத்தம், ஒரு சுற்று, இன்னொரு சுற்று, கடைசிவரை கேட்டது. கத்தல் அதற்குப் பிறகுதான் வந்தது.

விமானங்கள் மறுபடி வரவில்லை. கப்பல் ஒற்றைப் பாய்லரில் ஏழு நாட் வேகத்தில் ஊர்ந்தது. சூரியன் இறங்க மறுத்ததுபோல் நின்றது. பிறகு ஒருவழியாக இறங்கியது. டாங்கில் இருப்பதை வைத்து நாளை மதியத்துக்குள் டார்வினைப் பிடித்துவிடலாம் என்று டக்டேல் கேப்டனிடம் சொன்னார். இந்தத் தடவை கோலை அவரே இறக்கிப் பார்த்திருந்தார்.

கியோவைச் சாப்பாட்டறையின் வெளியே நடைபாதையில் கிடத்தியிருந்தார்கள். முகத்திலும் மார்பிலும் ஊதா மருந்து. கண்கள் இருந்த இடத்தில் துணி.

"தண்ணி," என்றான்.

மருந்து கொடுப்பவன் வெர்னைத் தனியே இழுத்தான். "எவ்வளவு வேணும்னாலும் குடு. காலைவரை இருக்கமாட்டான். ஆனா என்கிட்ட ஒரு சொட்டு இல்ல."

வெர்ன் தன் பங்கைத் தேடினான். அது எப்போதோ தீர்ந்திருந்தது. பாய்லர் டாங்கின் பக்கம் அவன் கால் போகவில்லை. காலிக் குவளையோடு சாப்பாட்டறை வாசலில் போய் நின்றான். தாய்மார்கள் குழந்தைகளை அணைத்துக்கொண்டார்கள். கைப்பிடியைப் பிடித்திருந்த கிழவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெர்ன் குவளையை நீட்டியபடி நின்றான். எப்படிக் கேட்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. நடைபாதையிலிருந்து கியோவின் குரல் மறுபடி வந்தது, இப்போது வார்த்தையாகக்கூட இல்லாமல்.

எர்மெலிண்டா எழுந்தாள். சிறுமியைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்தாள். தன் குவளையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, கப்பலின் ஆட்டத்துக்கு ஏற்றபடி அடி வைத்து வந்தாள். வெர்ன் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினான். அவள் குவளையை மார்போடு ஒட்டிக்கொண்டாள். கண்டிப்பாகத் தலையை அசைத்துவிட்டு, அவனைத் தோளால் விலக்கி நடைபாதைக்குள் போனாள்.

கியோவின் தலைமாட்டில் உட்கார்ந்து, முந்தானை நுனியை நனைத்து அவன் உதட்டில் பிழிந்தாள். "மெதுவா," என்பதுபோல் தன் பாஷையில் ஏதோ சொன்னாள்.

"யாரு?" என்று கேட்டான் கியோ. "வெர்ன், யாருடா இது?"

வெர்ன் வாசலிலேயே நின்றான், உள்ளே போகலாமா கூடாதா என்று தெரியாமல். "ஒரு அம்மா," என்றான். "தண்ணி அவங்களுது. நீ குடி."